துணியைத் தூக்காதே

அத்தியாயம் 11

அன்று காலை நின்ஃபாவின் கீழுதடு வீங்கியிருந்தது. கறி பொரிக்கிற கொப்பரையின் மூடி தெறித்து அடித்துவிட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்லத் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள். கேட்டது ஒரே ஒரு ஆள்தான்.

"மூடியா?" என்றான் தம்பி கஸ்பாரே.

"மூடிதான்."

"மூடி மோதிரம் போட்டிருந்துச்சா அக்கா?"

அவள் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்றின் எலும்பிலிருந்து சுரண்டிய துண்டுகள், ஜவ்வு, குருத்தெலும்பு, பெரிய கடைகள் வேண்டாம் என்று ஒதுக்கியவை எல்லாம் பன்றிக் கொழுப்பில் பொரிந்துகொண்டிருந்தன. பிரிஞ்சி இலையைக் கிள்ளிப் போட்டாள். மிளகு, ஒரு சிட்டிகை குங்குமப்பூ. சந்துக்குள் அந்த வாசனை இறங்கிவிட்டால், பலேர்மோவில் மணி எட்டரை என்று அர்த்தம்.

"அந்தாளு மேல கை வெக்காதடா" என்றாள், கொப்பரையைப் பார்த்தபடியே. "உன் காலைப் பிடிச்சிக் கேக்கறேன். ரெண்டு பொண்ணுங்க இருக்கு. எனக்குன்னு இருக்கறது அந்த வீடு ஒண்ணுதான்."

கஸ்பாரே பிரம்புக்கூடையை எடுத்து வைத்தான். அவள் நிரப்பினாள். அவன் மேலே வெள்ளைத் துணியைப் போட்டு, நான்கு முனைகளையும் உள்ளே செருகினான்.

"சரி" என்றான். "உனக்காக."

கஸ்பாரே அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் சரி என்று சொல்லிவிட்டால் அது சரிதான்.

உதட்டு வீக்கத்துக்குக் காரணம் இளைய தம்பி சவேரியோ எடுத்த வீடியோ. ஜெர்மனியில் ஆறு வருடம் பாத்திரம் கழுவிவிட்டு ஊர் திரும்பியவன், மூன்று மாதமாக வெளிநாட்டுக்காரர்களைச் சந்தைக்குள் நடத்திக் கூட்டி வந்து கொண்டிருந்தான். ஆளுக்குப் பதினைந்து யூரோ, ஐந்து கடை, வயிறு முட்டச் சாப்பாடு, மூட்டை தூக்குகிறவன் தருகிற அதே விலை. அதுதான் அவன் தொழில். போன வாரம் அக்கா புருஷன் பெனெதெத்தோவின் குடல் கறிக் கடையை மறைவிலிருந்து படம் எடுத்தான். மூட்டைக்காரனிடம் ஒரு தட்டுக்கு மூன்று யூரோ, அடுத்து நின்ற டச்சுக்காரனிடம் அதே தட்டுக்கு எட்டு. "இங்கே சாப்பிடாதீர்கள்" என்று முடித்திருந்தான். ஐந்து நாளாக அந்தக் கடைமுன் ஈதான் நின்றது.

பெனெதெத்தோ சவேரியோவைத் தேடிப் போகவில்லை. வீட்டுக்கு வந்தான். கைக்கு எட்டியது நின்ஃபாவின் முகம்.

*

பதினோரு மணிக்கு இரண்டாவது கொப்பரையைத் தள்ளுவண்டியில் வைத்து அவள் சந்தைக்குள் நுழைந்தபோது வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கஸ்பாரே வழக்கமான இடத்தில், ரொட்டிக்காரி ஒலீவாவின் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவில் நின்றான். எதிர்வரிசையில் பெனெதெத்தோவின் கடை.

கூடை முன்னால் சவேரியோ ஏழு வெளிநாட்டுக்காரர்களோடு நின்றான். கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. கை போகும், கை வரும், வந்ததைச் சாப்பிட வேண்டும். எந்தத் துண்டு எவனுக்கு என்று அந்தக் கைக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்ததும், ஓலைத் தொப்பி போட்ட ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே துணியின் முனையைப் பிடித்துத் தூக்கினாள். மறு கையால் போனை உள்ளே நீட்டினாள்.

கஸ்பாரே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். போன் மீன் கடையின் நத்தைப் பெட்டிக்குள் விழுந்தது. அவள் வீறிட்டாள்.

"கையை விடுடா!" சவேரியோ பாய்ந்து வந்தான். "அவங்க காசு குடுத்துட்டு வந்திருக்காங்க!"

"காசு குடுத்தா எங்கம்மா பாவாடையையும் தூக்கச் சொல்லுவியா?"

"அது உனக்கு மட்டும் அம்மாவாடா?"

"நீ கண்ணடிச்ச. நான் பாத்தேன்."

"ஆமா, அடிச்சேன். என்ன இருக்கு உள்ள? தங்கமா? கடைக்காரன் கழிச்சுப் போட்ட ஜவ்வு! அதுக்கு ஒரு துணி, அதுக்கு ஒரு பூசை!"

கஸ்பாரே அந்தப் பெண்ணின் கையை விட்டான். விட்ட கையை மடக்கித் தம்பியின் வாயில் இறக்கினான்.

பல் உடைகிற சத்தம் தள்ளுவண்டி வரைக்கும் கேட்டது. சவேரியோ சாயவில்லை. தலையைக் குனிந்து மாடு மாதிரி அண்ணன் மூக்கில் முட்டினான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு மீன் கடையின் பனிக்கட்டி மேல் விழுந்தார்கள். கத்திமீன் தலை உருண்டு தரைக்கு வந்தது. கஸ்பாரே தம்பியின் தலைமுடியைப் பற்றிப் பனிக்கட்டியில் மோதினான், ஒரு தடவை, இரண்டு தடவை. சவேரியோ அவன் காதைக் கடித்தான். விலக்கப் போன மூட்டைக்காரன் வான்னி வாயில் முழங்கை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளைப் பனிக்கட்டி சிவப்பாக உருகியது.

"விடுங்கடா! ஒரு வயித்துல பொறந்தவனுங்களாடா நீங்க!"

எல்லாக் குரலையும் தாண்டி ஒலித்தது பெனெதெத்தோவின் குரல். குடல் நறுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே மேலங்கியோடு ஓடி வந்து கூட்டத்தைப் பிளந்து உள்ளே புகுந்தான். அவன் பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். நின்ஃபாவுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. வண்டியை விட்டுவிட்டு அவள் முட்டி மோதி நுழைவதற்குள் கூட்டம் தானாகவே விலகியது.

சவேரியோ தரையில் உட்கார்ந்திருந்தான். களைத்துப் போய் உட்கார்ந்தவனைப்போலத்தான் இருந்தான். இடுப்புக்கு மேல், பின்பக்கமாக, ஒரு கையை வைத்திருந்தான். விரல் சந்துகளில் ரத்தம் கொப்பளித்தது.

"அக்கா" என்றான். "யாரோ என்னைக் குத்திட்டாங்கக்கா."

அவள் அவனை மடியில் சாய்த்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை உருவிக் காயத்தில் அடைத்தாள். துணி ஒரே நொடியில் ஊறிப்போனது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். குனிந்திருந்த கஸ்பாரே நிமிர்ந்துகொண்டிருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, கூடை அருகே போய், கையைத் துணிக்குள் விட்டு எடுத்தான். கலைந்த துணியை இழுத்துவிட்டு நான்கு முனைகளையும் செருகினான்.

கூடப்பிறந்தவன் சாகக் கிடக்கிறான், இவனுக்குக் கூடை.

"நாசமாப் போடா!" என்று அலறினாள். "உன் கை அழுகிப் போக!"



*

ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர முடியாமல் தெருமுனையில் நின்றது. ஒரு கதவைப் பெயர்த்து அதில் சவேரியோவைத் தூக்கிப் போனார்கள். ஏழு வெளிநாட்டுக்காரர்களும் எப்போது மறைந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நத்தைப் பெட்டிக்குள் அந்தப் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் குசிமானோ வந்தார். பதினெட்டு வருடமாகக் கஸ்பாரேயிடம் தினம் ஒரு பன் வாங்கித் தின்பவர். கூட வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த இளம் போலீஸ்காரன் ஒருவன்.

"யாருடா குத்தினது?"

"நான்தான்" என்றான் கஸ்பாரே.

"கத்தி எங்க?"

"தெரியல."

"குத்தினவனுக்குத் தெரியாம கத்தி நடந்தா போச்சு?"

"தெரியல சார்."

தேடினார்கள். சாக்கடை மூடியைப் பெயர்த்தார்கள். மீன் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஒலீவாவின் ரொட்டி மூட்டையில் கையை விட்டுத் துழாவினார்கள். கஸ்பாரேயின் சட்டை, கால்சட்டை, காலணி எல்லாம் பார்த்தாயிற்று. இளம் போலீஸ்காரன் கூடை பக்கம் போனான்.

"ஏய்!" குசிமானோ அதட்டினார். "அதைத் தொடாத."

"கத்தி உள்ள இருந்தா சார்?"

"அந்தத் துணியைத் தூக்கினதுலதான் இவ்வளவும் ஆயிருக்கு. இன்னொரு தடவை தூக்கி இன்னொருத்தன் விழணுமா? அது சாப்பாடுடா. அதுல எவனாவது கத்தியைப் போடுவானா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பலேர்மோவில் பிறந்த யாருக்கும் அது தவறு என்று தோன்றவில்லை.

கைவிலங்கு மாட்டும்போது கஸ்பாரே நின்ஃபாவைப் பார்த்தான். "அக்கா, கூடையை நேரா வீட்டுக்குக் கொண்டு போயிரு. யாருக்கும் விக்காத. ஒரு துண்டுகூட."

அவள் அவன் முகத்தில் துப்பினாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கை கட்டியிருந்தது.

*

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விடவில்லை. ஒரு சிறுநீரகம் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் முடிய இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குமேல்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கும். கூடையையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு மணிக்குச் சந்தைக்குத் திரும்பினாள்.

ஒலீவா கூடையைத் தன் காலடியில் வைத்துக் காத்திருந்தாள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். எதிர்வரிசையில் பெனெதெத்தோ கடையைத் திறந்துதான் வைத்திருந்தான். சின்னச் சிவப்புப் பிடிக் கத்தியால், தக்காளி வெட்டுகிற கத்தியால், குடலை அறுத்துக்கொண்டிருந்தான். அது வழுக்கி வழுக்கிப் போனது.

கூடை முன்னால் நாலைந்து மூட்டைக்காரர்கள் நின்றார்கள். வான்னி கைக்குட்டையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தான்.

"அக்கா, தம்பிக்கு எப்பிடி இருக்கு?"

"தெரியலடா."

"கடவுள் இருக்காரு" என்றான். கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றான். "அக்கா... தப்பா நெனைக்காத. காலைல நாலு மணிக்கு மூட்டையைத் தொட்டவன். கையில மூணு யூரோதான் இருக்கு. அந்தக் காசுக்கு இந்தக் கூடையை விட்டா எனக்கு இந்த ஊர்ல வேற எங்க கறி கிடைக்கும்?"

"உனக்கென்ன பல்லா இருக்கு இன்னிக்கு?"

"இந்தப் பக்கம் ரெண்டு இருக்கு."

அந்த நிலையிலும் ஒலீவா சிரித்துவிட்டாள். நின்ஃபாவுக்கு அழுகை வந்தது. விற்காதே என்று கஸ்பாரே சொன்னது ஞாபகம் வந்தது. அவன் சொன்னதாலேயே விற்கலாம் என்று தோன்றியது. பொரித்தது அவள், சுமந்தது அவள், முப்பது வருடமாக. அந்தத் துணிக்குள் கை விடுகிற உரிமை மட்டும் ஆம்பளைகளுடையது.

"ஒலீவா, ஒரு பன்னைப் பிள."

கையைத் துணிக்குள் விட்டாள்.

உள்ளே இன்னும் சூடு இருந்தது. கண்ணால் பார்த்துப் பழகிய துண்டுகளை விரல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இது ஜவ்வு, இது குருத்து. வான்னிக்கு மெதுவான துண்டு வேண்டும். கொழுப்புள்ள துண்டு அடியில் இருக்கும். விரலை ஆழமாக இறக்கினாள்.

கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எலும்பு என்று நினைத்தாள். எலும்பு இந்தக் கூடைக்குள் வரவே வராது.

விரலை அதன் மேல் ஓட்டினாள். பிடி. பிடியைச் சுற்றி டேப். டேப் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு.

அந்தப் புடைப்பை அவளுக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின வாரம், "பிடி வழுக்குதுடி, இதைச் சுத்திக் குடு" என்று பெனெதெத்தோ குடல் நறுக்குகிற கத்தியை நீட்டியபோது நீல டேப்பைச் சுற்றியவள் அவள்தான். கடைசியில் டேப் ஒட்டாமல் சுருண்டுகொண்டது. அதை மடித்து அழுத்திக் கொடுத்திருந்தாள்.

மேலங்கியோடு ஓடி வந்தவன். கூட்டத்தைப் பிளந்தவன். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன்.

தரையில் கிடந்த கத்தியைக் கஸ்பாரே பார்த்திருக்கிறான். பார்த்தவுடன் யாருடையது என்று தெரிந்திருக்கிறது. *அந்தாளு மேல கை வெக்காதடா.* சரி என்று சொன்னவன், குனிந்து, எடுத்து, ஊரில் யாரும் பார்க்காத ஒரே இடத்தில் ஒளித்தான். அவள் வீட்டுக்காகத்தான். அவள் துப்பிய எச்சிலோடு போனான்.

"அக்கா?" என்றான் வான்னி. "என்னாச்சு? கை மாட்டிக்கிச்சா?"

ஒரு பிடி கறியை அள்ளி வெளியே எடுத்து அவன் பன்னில் வைத்தாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பாதிச் சாறு தரையில் விழுந்தது. மறுபடியும் கையை உள்ளே விட்டு, பிடியைப் பற்றிக்கொண்டு, நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

பெனெதெத்தோ அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தை. பிறகு துணிக்குள் மறைந்த கையை. சிவப்புப் பிடிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே நடந்து வந்தான்.

"கூடையைக் குடு நின்ஃபா. கனமா இருக்கும். நான் கொண்டு போறேன்."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவளுக்காக அவன் ஒரு பால் புட்டியைக்கூடத் தூக்கியதில்லை.

"உன் கத்தி எங்க?" என்றாள்.

"தொலைஞ்சிருச்சு." குரலைத் தாழ்த்தினான். முகம் சிரித்தபடியே இருந்தது, மூட்டைக்காரர்களுக்காக. "உன் தம்பி பெரிய மனுஷன். தானா ஏத்துக்கிட்டான். உள்ள அவனுக்குச் சோறு போடுவாங்க. வெளிய உனக்கும் புள்ளைங்களுக்கும் நான் போடுவேன். கெடுத்துடாத."

"சவேரியோ முதுகுலயா குத்துவ?"

"எட்டு யூரோ மூணு யூரோன்னு ஊரு பூராச் சொன்னானே, அது எங்க குத்தினது? குடு இப்பிடி."

துணியோடு சேர்த்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கட்டைவிரலால் எலும்பின் நடுவில் அழுத்தித் திருகினான். அவளுக்கு அந்தப் பிடி தெரியும். வீட்டில் அடுத்தது முட்டி போட வைப்பான். கண்ணில் பொறி பறந்தது. வான்னி வாயில் பன்னோடு ஓரடி முன்னால் வந்தான், ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்து.

இந்தத் தடவை அவள் முட்டி போடவில்லை. உள்ளே விரல்களை மாற்றி, பிடியைத் திருப்பி, முனையை மேல்நோக்கி நிறுத்தினாள். மெதுவாக உயர்த்தினாள்.

பெனெதெத்தோவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவன் உள்ளங்கைக்குக் கீழே வெள்ளைத் துணி கூடாரம்போல எழும்பி, ஒரு புள்ளியில் கிழிந்தது. அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு பரவியது.

"இழு" என்றாள் அவன் காதருகே. "தைரியம் இருந்தா இழு. நீ இழுக்கற அளவுக்கு உள்ள எறங்கும்."

 அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கையை மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"உயிரு நிக்கும்னு சொல்லிட்டாங்க நின்ஃபா!"

குசிமானோ சந்து முனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒரு கிட்னி போச்சு. இன்னும் கண்ணு முழிக்கல. முழிச்சாலும் பின்னாடியிருந்து குத்தினவனை அவன் எங்க பாத்திருப்பான்? உன் பெரிய தம்பி நாலு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறான். பாவி, ஒரே வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்றான்." பெனெதெத்தோவுக்குத் தலையசைத்தார். "என்ன பெனெதெத்தோ, மச்சினனுங்க இப்பிடிப் பண்ணிட்டாங்களே." கூடை முன்னால் வந்து நின்றார். "காலைலேருந்து வயிறு காலி. ஒரு பன்னு போடும்மா."

நின்ஃபா ஒரு நொடி கண்ணை மூடினாள். வாசலில் நிற்கும் இரண்டு பெண் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்தார்கள். அந்த வீடு வந்தது. அதன் சமையலறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி வந்தாள்.

"பன்னு வேண்டாம் சார். உங்களுக்கு இன்னிக்குப் பேப்பர்லதான்."

எண்ணெய்க் காகிதத்தை இரண்டாக மடித்து இடது உள்ளங்கையில் விரித்தாள். வலது கை துணிக்குள் போனது. துணியோடு ஒட்டியபடியே வெளியே வந்து, காகிதத்துக்குள் இறங்கியது. எது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மேலே ஒரு பிடி கறியைப் போட்டாள். உப்பு, மிளகு, எலுமிச்சம்பழம். எதையும் விடவில்லை. நான்கு பக்கமும் மடித்து நீட்டினாள்.

குசிமானோ வாங்கினார். கை லேசாகத் தாழ்ந்தது.

"என்னம்மா, இவ்வளவு கனமா இருக்கு?"

"பிரிச்சுப் பாத்துட்டு அப்புறமா அவன்கிட்டக் கையெழுத்து வாங்குங்க சார்" என்றாள். "கடிச்சிடாதீங்க."

குசிமானோவின் கட்டைவிரல் காகிதத்தின் மேல் நகர்ந்தது. நீளவாக்கில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். பாதியில் நின்றது. அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தலையைத் தூக்கி, கூடைத்துணியில் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். அங்கிருந்து பார்வை மெல்ல நகர்ந்து, பெனெதெத்தோவின் மூடிய கைக்குப் போனது. விரல் சந்திலிருந்து ஒரு சொட்டு, கழுவிய தரையில் விழுந்தது.

நின்ஃபா கையை மறுபடி துணிக்குள் விட்டாள்.

"அடுத்து யாரு?" என்றாள்.